வரவுக்குள் ஒரு கேமரா



நிக்காஹ் நடைபெறும் இல்லங்களில், பெண்கள் கூடியுள்ள பகுதிக்குள் அந்நிய ஆடவர் கேமராவுடன் நுழைவதை நாம் விரும்புவதில்லை. எனினும், வேறு வழியின்றிப் பலர் இசைந்து விடுகின்றனர். நம் பெண்மக்களே இத்தொழிலைக் கற்றால் அக்குறை தீரும். இல்லத்திற்கும் ஹலாலான வருவாய் கிட்டும். நிழற்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐயமுள்ளோர் தம் ஆலிம்களிடம் தெளிவு பெறுக. ஆகுமெனக் கொள்வோருக்கே இம்மாதக் குறிப்புகள்.

கடலோர மக்களுக்கு வேறொரு தேவையும் உண்டு. பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே அமைந்த காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. 2013இல் துறைமுகம் இயங்கத் தொடங்கிற்று. 2018இல் அது அதானி குழுமத்தின் வசமாயிற்று. இவ்வாறு மாறிவரும் கரையையும் மீன்பிடி வாழ்வையும் அங்கு வாழ்வோரே படமெடுத்து, நாளும் இடமும் குறித்து வைப்பின், அது பின்வரும் தலைமுறைக்குச் சான்றாகும். துறைமுக வளாகம் போன்ற காவலுள்ள இடங்களை மட்டும் அனுமதியின்றிப் படமெடுத்தல் கூடாது.

இவ்விரு பணிகளுக்கும் விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றே போதும். நிக்கான் டி3500, கேனன் 1500டி, 3000டி ஆகிய மூன்றும் 2018இல் வெளிவந்தவை. நிறுவனங்கள் இப்போது கண்ணாடியில்லாத புதுவகைக் கேமராக்களின் பக்கம் திரும்பிவிட்டதால், இவ்வகையில் புதியவை அருகி வருகின்றன. ஆகவே, பயன்படுத்திய கேமராவையே பலர் வாங்க நேரும். இவற்றுக்கென வாங்கும் லென்ஸ்களுள் பெரும்பாலானவற்றை, இணைப்பு வளையம் பொருத்திப் புதுவகைக் கேமராக்களிலும் பிற்காலத்தில் பயன்படுத்தலாம்.

மெகாபிக்சல் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். 3000டியின் 18 மெகாபிக்சல் படத்தையே ஏறத்தாழ 17 அங்குல நீளமும் 11 அங்குல அகலமும் கொண்டதாகத் தெளிவாக அச்சிடலாம். ஆயினும், அதில் லென்ஸ் பொருந்தும் வளையம் பிளாஸ்டிக்கால் ஆனது. அடிக்கடி லென்ஸ் மாற்றுவோருக்கு உலோக வளையமுள்ள 1500டி ஏற்றது.

மிச்சமாகும் பணத்தை லென்ஸுக்குச் செலவிடுக. கேமராவுடன் வரும் 18-55 லென்ஸ், நெருக்கிக் காட்டும் நிலையில் 5.6 என்னும் அளவுக்கே திறக்கும். 1.8 அளவுக்குத் திறக்கும் லென்ஸ் அதைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். மங்கிய விளக்கொளியில் நடைபெறும் இல்லற விழாக்களுக்கு இதுவே உற்ற துணை. நிக்கான் டி3500இன் உடலில் குவிய மோட்டார் இல்லை. அதனால் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி எனக் குறிக்கப்பட்ட லென்ஸ்களே அதில் தாமாகக் குவியும். விலை மலிவென்று பழைய லென்ஸை வாங்கி ஏமாற வேண்டாம்.

பழைய கேமராவை வாங்குமுன் வெண்சுவரை, திறப்பளவு 16இல் வைத்துப் படமெடுத்துப் பார்க்கவும். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசு உண்டு. லென்ஸை விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நூலிழை போன்ற பூஞ்சை இருப்பின் தெரியும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது எனக் கேட்டறிக. நிக்கானில் அந்த எண் படத்தின் உள்விவரத்திலேயே பதிவாகும். ரசீதில் உள்ள எண்ணும் கருவியின் எண்ணும் ஒத்திருத்தல் அவசியம். விற்பவரும் குறையை மறைக்கலாகாது. குறையைச் சொல்லி விற்பதே நம் மார்க்கம் கற்பிக்கும் வணிகம்.

தவணையில் வாங்குவோர் ஒப்பந்தத்தை முழுமையாகப் படிக்கவும். வட்டியில்லை என்ற விளம்பரத்தின் பின்னே, வங்கியின் வட்டி தள்ளுபடி என்னும் பெயரில் ஒளிந்திருப்பதுண்டு. வட்டியில் சிக்கிப் புதுக் கேமரா வாங்குவதினும், சில மாதம் சேமித்துப் பழையதை ரொக்கமாக வாங்குவதே மேல்.

கடற்காற்றின் உப்பு கருவிக்குப் பகை. கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீடு திரும்பியதும் மென்துணியால் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைக்கவும். தோலுறையில் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

இறுதியாக ஒன்று. பெண்களின் படங்கள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மெமரி கார்டில் அழித்த படத்தையும் மென்பொருள் கொண்டு மீட்க இயலும். ஆதலால் கேமராவை விற்க நேரினும் கார்டை விற்காதீர்கள். பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் அதனை எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். கேமராவின் விலை சில ஆயிரம் ரூபாய்தான். நம்மை நம்பி முகம் காட்டிய ஒரு சகோதரியின் கண்ணியத்திற்கு விலையில்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.