விமானிக்கு எத்தனை வயசு வரை? யார் முடிவு பண்றது?

தோழர்களே, இது தேர்தல் பதிவு இல்லை. அடுத்த தடவை நீங்க சென்னையிலிருந்து டெல்லிக்கோ துபாய்க்கோ ஏறும்போது, மூடியிருக்கிற அந்த காக்பிட் கதவுக்குப் பின்னாடி யார் உட்கார்ந்திருக்காங்க என்பது பற்றிய பதிவு.

சர்வதேச விமானங்களை ஓட்டும் விமானிகளுக்கு இப்போ வயது வரம்பு 65. நம்ம நாட்டிலும் அதுதான். இதை 67 ஆக்கணும்னு விமான நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஐ.ஏ.டி.ஏ. 2025-ல் கேட்டது. இரண்டு விமானிகளில் ஒருத்தர் 65-க்குக் கீழே இருந்தால் போதும் என்பது அவங்க வாதம். மாண்ட்ரியலில் கூடிய ஐ.சி.ஏ.ஓ. மாநாடு அதை ஏற்கவில்லை. விஷயம் அதோட முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, இந்தக் கோரிக்கை மறுபடியும் வரும்.

டிவி விவாதங்களில் இதை "அனுபவமா, இளமையா" என்று பட்டிமன்றமாக ஆக்கிடுறாங்க. அந்த வலையில் நாம விழ வேண்டாம். வயசானவங்களைக் கேலி பண்ணவும் வேண்டாம். 2009 ஜனவரியில் இரண்டு என்ஜினும் நின்றுபோன விமானத்தை நியூயார்க் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய சல்லன்பெர்கருக்கு அப்போ 57 வயது. ஜப்பானில் 67 வரை ஓட்டுறாங்க. வயசு மட்டுமே ஆபத்து என்று சொன்னால் அது பொய்.

அப்போ பிரச்சினை எங்கே? இந்த எண்ணை யார், எதுக்காக மாத்துறாங்க என்பதில் இருக்கு. அமெரிக்கக் கதையைக் கொஞ்சம் பாருங்க.

1950-களின் கடைசியில் ஜெட் விமானங்கள் வந்துச்சு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விமானிகளை 60 வயதில் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது. சங்கம் எதிர்த்தது, நடுவர் விமானிகள் பக்கம் தீர்ப்பு சொன்னார். உடனே நிறுவனத்தின் தலைவர் சி.ஆர். ஸ்மித், அரசின் விமானத்துறைத் தலைவர் கெசாடாவுக்கு 1959-ல் கடிதம் எழுதினார். அதே ஆண்டு முடிவதற்குள் "60-க்கு மேல் ஓட்டக் கூடாது" என்று அரசே விதி போட்டது. பதவி முடிந்ததும் அந்த கெசாடா எங்கே போய் உட்கார்ந்தார் தெரியுமா? அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸின் இயக்குநர் குழுவில்!

இந்த விதி கிட்டத்தட்ட 50 வருஷம் நின்றது. 2007 டிசம்பர் 13-ல் புஷ் கையெழுத்துப் போட்டு 65 ஆக்கினார். ஆனா பழைய தேதிக்கு அது பொருந்தாது. அதாவது டிசம்பர் 12-ம் தேதி 60 முடிஞ்சவர் வீட்டுக்குப் போயாச்சு. 14-ம் தேதி 60 முடிஞ்சவர் இன்னும் 5 வருஷம் கேப்டன். இரண்டு நாளில் மனுஷன் உடம்பில் என்ன மாறிடும்?

அடுத்து 2020. கொரோனா வந்ததும் அமெரிக்க நிறுவனங்கள் சம்பளம் கொடுக்க அரசிடம் பணம் வாங்கிச்சு. அதே நேரத்தில் மூத்த விமானிகளுக்கு "முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கோங்க" என்று திட்டமும் போட்டுச்சு. இரண்டே வருஷத்தில் "ஐயோ, விமானி இல்லை, வயசைக் கூட்டுங்க" என்று சத்தம். 2023-ல் கீழவை 67-க்குச் சரி சொன்னது. செனட் குழுவில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. 2024 மே மாதம் வந்த சட்டத்தில் 65 அப்படியே நின்றது. விமானிகள் சங்கமே 67 வேண்டாம் என்றது. உலக வரம்பு 65 என்பதால் 66 வயதுக்காரர் வெளிநாட்டுக்கு ஓட்ட முடியாது. அவரை உள்நாட்டு விமானத்துக்கு மாத்தணும், மறுபடி பயிற்சி கொடுக்கணும், அவருக்கு வழிவிட்டு கீழே இருக்கிறவர் நகரணும். லாபக் கணக்கு அங்கேயே உதைக்குது. (சங்கமும் இந்த விஷயத்தில் காலத்துக்குக் காலம் கட்சி மாறியிருக்கு. அதையும் மறைக்க வேண்டாம்.)

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

என்னோட பொறியியல் படிச்ச நண்பன் ஒருத்தன், டிகிரி முடிச்சதும் விமானி ஆகணும்னு கிளம்பினான். அப்பா நிலத்தை வித்தார், மீதிக்கு வங்கிக் கடன். 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கிட்டு வந்தான். வந்து இரண்டு வருஷம் ஆச்சு. குறிப்பிட்ட விமான வகையை ஓட்டத் தனிப் பயிற்சி வேணும், அதுக்கு மறுபடியும் லட்சங்கள். இப்போ ஒரு ட்யூஷன் சென்டரில் பிளஸ் டூ பிசிக்ஸ் எடுக்கிறான். டிவியில் "விமானி பற்றாக்குறை" என்று செய்தி ஓடினா சேனலை மாத்திடுவான்.

நிறுவனங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கு, மறுக்கல. பற்றாக்குறை கேப்டன்களில்தான். என் நண்பனைப் போன்றவங்க நாளைக்கே கேப்டன் ஆக முடியாது, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறக்கணும். ஆனா கேப்டன் தேவைப்படும்னு முன்னாடியே தெரியாதா? இண்டிகோ 2023 ஜூனில் ஒரே நாளில் 500 விமானம் ஆர்டர் பண்ணுச்சு. ஏர் இந்தியா அதே வருஷம் 470. விமானத்துக்குப் பத்து வருஷக் கணக்கு போடத் தெரிஞ்சவங்களுக்கு, அதை ஓட்டப்போற பிள்ளைகளுக்குக் கணக்கு போடத் தெரியலையா?

2025 டிசம்பர் ஞாபகம் இருக்கா? சென்னை உட்பட நாடு முழுக்க இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்து. கல்யாணத்துக்குப் போனவங்க, ஆஸ்பத்திரிக்குப் போனவங்க, எல்லாரும் விமான நிலையத் தரையில் படுத்தாங்க. காரணம் என்ன? விமானிகளுக்கு வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக்கணும், இரவு நேரத் தரையிறக்கத்தைக் குறைக்கணும் என்ற விதி. இது திடீர்னு வந்த விதி இல்லை. 2024 ஜனவரியிலேயே அறிவிச்சாச்சு. ஏறத்தாழ இரண்டு வருஷ அவகாசத்தில் ஆளைச் சேர்க்கலை. கடைசியில் ஒன்றிய அரசு என்ன பண்ணுச்சு? அந்த நிறுவனத்துக்கு மட்டும் 2026 பிப்ரவரி 10 வரை விதியைத் தளர்த்திக் கொடுத்தது.

இதையும் 67 கோரிக்கையையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஆள் பத்தலையா, இருக்கிறவரின் தூக்கத்தைக் குறை. அப்பவும் பத்தலையா, அவரின் வயசைக் கூட்டு. புதுசா ஒருத்தருக்குச் செலவு பண்ணிப் பயிற்சி கொடுக்கிற யோசனை மட்டும் வரவே வராது. 60 வயதைத் தாண்டினவருக்கு 6 மாசத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை உண்டு, நல்லதுதான். ஆனா ராத்திரி 3 மணிக்கு மூணாவது தடவையா விமானத்தை இறக்கிறவரின் களைப்பு எந்த ஈசிஜியில் தெரியும்?

(அரசியல்வாதிக்கு ஓய்வு வயசே இல்லையேன்னு கேட்கப் போறீங்க. நியாயமான கேள்வி. அட்மின் அண்ணன் பதில் சொல்வார்.)

நாம கேட்க வேண்டியது இதுதான்: ஓய்வு விதியில் எந்த நிறுவனத்துக்கும் இனி விலக்கு கிடையாதுன்னு ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொல்லணும். லைசென்ஸ் வாங்கிட்டு வேலை இல்லாமல் இருக்கிறவங்க எத்தனை பேர்னு கணக்கை வெளியிடணும். இந்த இரண்டும் நடக்கிற வரைக்கும் 65-ஐத் தொடக் கூடாது. உங்க வீட்டிலோ தெருவிலோ இப்படி லைசென்ஸோட காத்திருக்கிற பிள்ளைகள் இருந்தா, எந்த மாவட்டம், எத்தனை வருஷமாக் காத்திருக்காங்கன்னு மட்டும் எங்களுக்கு எழுதுங்க, பேர் வேண்டாம். நம்ம எம்.பி.க்கள் கேள்வி நேரத்துக்குக் கையில் எடுத்துட்டுப் போகட்டும்.