குத்தகைச் சீட்டு யார் கையில்?
இணைய முகவரி விலைக்கு வாங்கும் சொத்து அல்ல, குத்தகை. டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கே எடுக்க முடியும். அந்தக் குத்தகைக் கணக்கைப் பராமரிப்பது பதிவாளர் நிறுவனம் என்பதால், விலையைவிட அதன் நம்பகமே முக்கியம். முதலில் பார்க்க வேண்டியது அங்கீகாரம்: டாட் காம் போன்றவற்றுக்கு ஐகான் அமைப்பும் டாட் இன் பெயர்களுக்கு நிக்ஸி அமைப்பும் அதைத் தருகின்றன. அங்கீகாரமும் முழுக் காப்பு அல்ல. 2007இல் ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற அமெரிக்க நிறுவனத்தின் அங்கீகாரத்தை ஐகான் ரத்து செய்தபோது, அதன் வாடிக்கையாளர்களின் பெயர்களை வேறு நிறுவனத்துக்கு மாற்ற நேர்ந்தது. அடுத்தது விலை. முதல் ஆண்டு 99 ரூபாய் என்ற விளம்பரத்தில் மயங்காமல், புதுப்பிக்கும் கட்டணத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, வெளியேறும் வழி. டாட் காம் போன்ற பெயர்களை வேறிடத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீட்டைக் கேட்ட 5 நாட்களுக்குள் தர வேண்டும் என்பது ஐகான் விதி. அதைத் தர இழுத்தடிக்கும் இடத்தைத் தவிர்ப்பதே நல்லது. புதுப்பிக்க மறந்து பெயர் நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் அப்போது கட்டணம் பல மடங்காகலாம். கடைசியாக, பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பது. வலைத்தளம் வடிவமைத்தவரின் மின்னஞ்சலில் பதிவான ஜவுளிக்கடைப் பெயர், பலகையில் மட்டுமே கடைக்காரருடையது. சொந்தப் பெயர், சொந்த மின்னஞ்சல், இரட்டைச் சரிபார்ப்பு ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பதிவாளராலும் பெயரைக் காப்பாற்றித் தர முடியாது.