மருத்துவப் பேராசிரியர்க்குத் தமிழ் வேண்டாவா?

கற்றல் வேறு, கற்பித்தல் வேறு. கற்றார் அனைவரும் கற்பிக்க வல்லார் அல்லர். இவ்வுண்மையைக் கண்டு கற்பித்தலுக்கும் இலக்கணம் வகுத்த மொழி நந்தமிழ். 13-ஆம் நூற்றாண்டினரான பவணந்தியார், எழுத்தையும் சொல்லையும் தொடுமுன்னரே, நல்லாசிரியன் யாவன், ஆசிரியன் ஆகாதான் யாவன், பாடம் சொல்லும் முறை யாது, கேட்கும் முறை யாது என நன்னூற் பொதுப்பாயிரத்துள் வரையறுத்துரைத்தார். ஆசிரியர் ஆகத் தகாதாரைக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என நான்கு பொருள்களுக்கு ஒப்பிட்டுக் காட்டினார். அவற்றுள் பருத்திக்குண்டிகை என்பது பஞ்சு திணித்த குடுக்கை. உள்ளே நிறைய இருக்கும். ஆயின் பிய்த்துப் பிய்த்து எடுத்தாலன்றி வெளியே வாராது. அறிவு நிரம்பியும் அதனை மாணவனுக்கு எடுத்து வழங்க மாட்டாத ஆசிரியன் அத்தகையன்.

இற்றை மருத்துவக் கல்லூரிகளில் இக்குண்டிகைகள் எத்துணை என்பதை அங்குப் பயிலும் மாணவரைக் கேட்டால் அறியலாம். அப்பேராசிரியர்களை யாம் பழிக்க வரவில்லை. அவர்கள் நல்ல மருத்துவர்கள். இரவு பகல் பாராது உழைப்பவர்கள். ஆயினும் கற்பிப்பது எங்ஙனம் என்று அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. தொடக்கப்பள்ளியில் அகரம் எழுதக் கற்பிப்பவரும் ஆசிரியப் பயிற்சிச் சான்று பெற்றாக வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் இலக்கணம் நடத்தும் எம்போன்றார், கல்லூரிப் பட்டத்தின்மேல் கல்வியியற் பட்டமும் பெற்றே வகுப்பறையுட் புகுந்தோம். உயிர்காக்கும் மருத்துவனை உருவாக்கும் ஆசிரியர்க்கோ நெடுங்காலம் அத்தகைய வரையறை ஏதும் இருந்ததில்லை. மருத்துவத்தில் மேற்பட்டம் பெற்றிருந்தால், அவர் ஆசிரியராகவும் தகுதி பெற்றுவிட்டார் என்றே கொள்ளப்பெற்றது!

மேலைநாட்டார் இக்குறையை முன்னரே உணர்ந்தனர். அமெரிக்காவில் சியார்சு மில்லர் என்பார், 1959-இல் சிகாகோவிலுள்ள இல்லினாய்சுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்வி ஆராய்ச்சிக்கெனத் தனித்துறை கண்டார். இசுகாத்துலாந்தின் தண்டீ நகரில் உரொனால்டு ஆர்டன் என்பாரும் அவர்தம் குழுவினரும், 1975-இல் மருத்துவ மாணவரின் கைத்திறனையும் உரையாடல் திறனையும் நிலைநிலையாக நிறுத்தி அளக்கும் புதிய தேர்வுமுறையை வெளியிட்டனர். இன்று உலகெங்கும் அம்முறை வழங்குகின்றது. மருத்துவம் கற்பிப்பார் கல்வியியலில் பட்ட மேற்படிப்பு மேற்கொள்வதும் பல நாடுகளில் வழக்கமாயிற்று.

இந்தியாவிலும் இம்முயற்சி இல்லாமலில்லை. புதுச்சேரிச் சிப்மர் நிறுவனத்தில், உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு, 1970-களிலேயே மருத்துவ ஆசிரியர் பயிற்சி நடுவம் தோன்றிற்று. 2019-இல் மருத்துவப் பட்டப்படிப்புக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. மருத்துவரின் உளப்பாங்கும் ஒழுக்கமும் உரையாடலும் அதனுள் தனிப்பாடமாயின. 2022-ஆம் ஆண்டு விதிகள், பதவி உயர்வு பெற விழையும் மருத்துவ ஆசிரியர் மருத்துவக் கல்வியியலில் அடிப்படைப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்றன. அடிப்படைப் பயிற்சி என்பது எத்துணைக் காலம்? மூன்றே நாள்! எமக்கு ஓராண்டுப் பயிற்சியும் போதவில்லை. அவர்க்கு மூன்று நாள் போதுமாம்! ஆகவே, மருத்துவம் கற்பிப்பார்க்குக் கல்வியியலில் முறையான பட்ட மேற்படிப்பு வேண்டும் என்போர் கூற்றை யாம் முழுவுள்ளத்தோடு வரவேற்கின்றோம்.

ஆனால் எம் வினா அதற்கு அப்பாற்பட்டது. அம்மேற்படிப்பில் தமிழ் எங்கே?

மருத்துவக் கல்வி யாருக்காக? மாணவனுக்கும் அன்று, பேராசிரியனுக்கும் அன்று, நோயாளிக்காக. வள்ளுவப் பேராசான் மருத்துவத்தை நாற்கூறாக வகுத்தவிடத்து, நோயுற்றவனையே முதற்கண் வைத்தான். அவனுக்குப் பின்னரே மருத்துவனையும், மருந்தையும், உடனிருந்து பேணுவானையும் எண்ணினான். அந்நோயாளி எம்மொழியிற் பேசுகின்றான்? மதுரை அரசு மருத்துவமனையிலும் தஞ்சை அரசு மருத்துவமனையிலும் விடியலிலேயே வந்து வரிசையில் நிற்கும் உழவனும் கூலியாளும் கைக்குழந்தையை ஏந்திய தாயும் எம்மொழியில் தம் துன்பத்தை உரைக்கின்றனர்? தமிழில் அன்றோ?

தமிழன் தன் நோவை உரைக்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள்! குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இழுப்பு, பிசைதல், தெறித்தல், மதமதப்பு, மரத்துப்போதல் என எத்துணைச் சொற்கள்! அவை ஒன்றன் பொருளை மற்றொன்று தாராது. நெஞ்சு கரிக்கின்றது என்பான் ஒருவன். நெஞ்சை அடைக்கின்றது என்பான் மற்றொருவன். முன்னது பெரும்பாலும் இரைப்பைப் புளிப்பு மேலேறுவதைக் குறிக்கும். பின்னது நெஞ்சாங்குலைக்கே ஊறு நேர்வதன் அறிகுறியாகலாம். தலை சுற்றுகின்றது என்பது வேறு. கண்ணை இருட்டிக்கொண்டு வருகின்றது என்பது வேறு. முன்னது காதின் உள்ளுறுப்புக் கேட்டால் வரலாம். பின்னது குருதி அழுத்தம் திடுமெனக் குறைவதால் வரலாம். இவ்விரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லாற் பெயர்த்து ஏட்டில் எழுதிவிட்டால், நோயாளி சொன்ன வேறுபாடு ஏட்டில் ஏறுமுன்பே அழிந்துபோகின்றது. நோயைக் காட்டும் வாயிலை நோயாளி திறந்து வைத்தும், மருத்துவன் அதனுட் புகாமல் நிற்கின்றான்!

இவ்வேறுபாட்டை மாணவனுக்குக் கற்பிக்க வேண்டியவர் யார்? அவன் பேராசிரியர். அவர் எந்நூலைக் கொண்டு கற்பிப்பார்? ஆங்கில நூலில் ஆங்கில நோயாளியின் சொற்களே உள்ளன. ஆர்டன் வகுத்த தேர்வுமுறையில், நோயாளியாக நடிப்பவரிடம் மாணவன் உரையாடிக் காட்ட வேண்டும். அவ்வுரையாடல் தமிழ்நாட்டிலும் ஆங்கிலத்தில் நடக்குமாயின், மாணவனின் எந்தத் திறனை அது அளக்கின்றது? நாளை அவன் காணப்போகும் நோயாளி ஒருவனும் பேசாத மொழியில் அவன் வெற்றி பெற்று என்ன பயன்?

2019-ஆம் ஆண்டுப் பாடத்திட்டமே இத்தேவையை ஒருவாறு ஒப்புக்கொண்டது. அதன் தொடக்கநிலைப் பயிற்சிக்கென ஒதுக்கப்பெற்ற 175 மணியுள், மொழித்திறனுக்கும் கணிப்பொறித் திறனுக்கும் சேர்த்து 40 மணி தரப்பெற்றது. மொழியையும் பொறியையும் ஒரே தட்டில் இட்டு நிறுத்தனர்! தமிழ்நாட்டரசு 2021 திசம்பரில், அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாளைக் கட்டாயமாக்கியது. அதனை யாம் பாராட்டுகின்றோம். ஆயினும் அது பத்தாம் வகுப்பு அளவிலான தமிழ். நோயாளியின் கட்டிலருகே வேண்டப்பெறும் தமிழ் அதனின் வேறு. அதனைப் பள்ளி ஆசிரியன் கற்பிக்க இயலாது. மருத்துவப் பேராசிரியரே கற்பித்தல் வேண்டும்.

வெளிநாட்டிற்குச் செல்ல ஆங்கிலம் வேண்டுமே என்பார் உளர். அவ்வெளிநாட்டார் செய்வதைத்தான் யாமும் காட்டுகின்றோம். நம் மருத்துவன் இங்கிலாந்திற்குச் சென்றால், ஆங்கிலத் திறனை மெய்ப்பித்தாலன்றி அவனை அந்நாட்டு மருத்துவ மன்றம் பதிவு செய்யாது. செருமனிக்குச் சென்றால் அங்கு மருத்துவச் செருமானியத் தேர்வே வைக்கின்றனர்: நோயாளியோடு உரையாட 20 மணித்துளி, கேட்டறிந்ததை எழுத 20 மணித்துளி, மூத்த மருத்துவரிடம் எடுத்துரைக்க 20 மணித்துளி. இதில் தேறாதவன் எத்துணைப் பெரிய அறிவாளியாயினும் அந்நாட்டு நோயாளியைத் தொட முடியாது. செருமானியன் உயிருக்கு உள்ள மதிப்புத் தமிழன் உயிருக்கு இல்லையா?

பிற மாநில மாணவரும் இங்குப் பயில்கின்றனரே என்பார் உளர். மெய்தான். மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளின் பட்டப்படிப்பில் 15 விழுக்காட்டு இடமும், பட்ட மேற்படிப்பில் 50 விழுக்காட்டு இடமும் அனைத்திந்திய ஒதுக்கீட்டிற்குச் செல்கின்றன. அவர்களும் பண்டுவம் பார்ப்பது தமிழ் நோயாளிக்கே அன்றோ? தமிழறியாத மாணவர் மிகுவரேல், தமிழ் கற்பிக்க வல்ல பேராசிரியரின் தேவையும் மிகுமே அன்றிக் குறையாது.

தமிழில் மருத்துவச் சொற்கள் இல்லை என்பார் உளர். அவர் வரலாறு அறியாதவர். மாசச்சூசெட்சில் பிறந்த சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணத்திற்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1860-களில் தமிழுக்கு மாறினார். கரணியம் யாது? ஆங்கிலத்திற் பயின்றவர் ஊரைவிட்டு வேலை தேடிப் போயினர்; தமிழிற் பயின்றவரே தம் மக்களிடையே தங்குவர் என அவர் கண்டார். அறுபதுக்கும் மேற்பட்டாரை அவர் மருத்துவராக்கினார். அவரும் அவர் மாணவரும் உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியல் எனத் துறைதோறும் தமிழில் நூல்கள் வெளியிட்டனர். இரணவைத்தியம், மனுச அங்காதிபாதம் என அந்நூற்பெயர்களில் வடசொல் மலிந்திருப்பது உண்மையே, அது களையத்தக்கதே. ஆயினும் ஓர் அயலவன், வந்த இடத்தில் தமிழைக் கற்று, அத்தமிழிலேயே மருத்துவரை உருவாக்கிக் காட்டினான். இங்கேயே பிறந்தார், இத்துணைக் கருவிகளும் கல்லூரிகளும் பெற்றும், இயலாது என்கின்றனர்! வெட்கம்! வெட்கம்!

நிசாம் ஆட்சியில் ஐதராபாத்து உசுமானியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் உருதுவிற் கற்பிக்கப்பெற்றது. சப்பானியர் தம் மொழியிலேயே மருத்துவம் பயில்கின்றனர். 2022 அத்தோபரில் நடுவண் மாநிலமாகிய மத்தியப் பிரதேசத்தில் முதலாண்டு மருத்துவ நூல்கள் இந்தியில் வெளியிடப்பெற்றன. உருதுவுக்கு இயன்றது, சப்பானியத்திற்கு இயல்வது, இந்திக்கு இயலும் என ஆட்சியாளர் முனைந்து நிற்பது, மூத்த தமிழுக்கு மட்டும் இயலாதா? இயலாமை மொழியில் இல்லை. நம் உள்ளத்தில் உள்ளது.

ஆகவே யாம் வேண்டுவன இவை:

1. தமிழ்நாட்டில் மருத்துவக் கல்வியியல் பட்ட மேற்படிப்பு எங்கு நடைபெறினும், நோயாளியோடு தமிழில் உரையாடக் கற்பித்தல் என்பது அதில் கட்டாயத் தாளாதல் வேண்டும்.

2. வட்டாரந்தோறும் மக்கள் நோவையும் நோய்க்குறியையும் உரைக்கும் சொற்களைத் திரட்டி, மருத்துவரும் தமிழ்ப்புலவரும் கூடிச் சொற்களஞ்சியம் ஒன்று ஆக்குதல் வேண்டும். அம்மேற்படிப்பு மாணவர்தம் ஆய்வேடுகளுக்கு இதனினும் சிறந்த பொருள் யாதுளது?

3. மருத்துவ மாணவர் எழுதும் செய்முறைத் தேர்வில், நோயாளியை வினவும் நிலைகள் தமிழிலேயே நடத்தப்பெறுதல் வேண்டும். செருமானியரின் மும்மடித் தேர்வு அதற்கு வழிகாட்டும்.

4. நோயின் இயல்பையும், மருந்துண்ணும் முறையையும், அறுவைக்கு ஒப்புதல் பெறும் செய்தியையும் நல்ல தமிழில் விளக்க மாட்டாதவர், மருத்துவ ஆசிரியராக உயர்வு பெறலாகாது.

தமிழ்மக்காள்! இவ்வேண்டுகோள் புலவர்தம் மொழிப்பற்றால் மட்டும் எழுந்ததன்று. தன் உடம்பில் நிகழ்வதைத் தன் மொழியிற் கூறவும், தனக்குச் செய்யப்போவதைத் தன் மொழியிற் கேட்கவும் நோயாளிக்குள்ள உரிமை அது. இவ்வுரிமை மறுக்கப்பெறும் இடத்தில், கையெழுத்தோ கைந்நாட்டோ வாங்கிய ஒப்புதல் ஒப்புதலாகாது. நீவிர் மருத்துவமனைக்குச் செல்லும்போது, தமிழில் விளக்கிச் சொல்லுங்கள் என்று மருத்துவரைத் தயங்காது கேளுங்கள். அவரைக் கற்பித்த பேராசிரியர்க்கும், அப்பேராசிரியர்க்குக் கல்வியியல் கற்பிக்கப்போகும் பல்கலைக்கழகத்திற்கும் அக்குரல் எட்டுமட்டும் கேளுங்கள்! மருத்துவன் பயின்ற மொழிக்கு நோயாளி ஏங்கி நின்ற காலம் போதும். நோயாளியின் மொழிக்கு மருத்துவன் வந்தாக வேண்டும்!