சாயம் வெளுக்குமா? வெள்ளை நாயிடம் கேளுங்க!

தோல்ல பூ வேலை தட்டி, கருப்புச் சாயம் அடிச்சு, பளபளன்னு ஒரு கழுத்துப்பட்டை செஞ்சிட்டீங்கன்னு வைங்க. அதை யார் கழுத்தில் மாட்டினால் உங்கள் வேலையின் உண்மையான தரம் தெரியும்?

பதில் நம்ம ஏரியாவிலேயே இருக்கு. ராஜபாளையம் நாய்! 2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இடம்பிடித்த அதே பால்வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்குக்காரர். அவர் சேத்தூர் கண்மாயில் ஒரு முங்கு முங்கி எழுந்து வரட்டும். உங்கள் சாயம் சரியில்லை என்றால் கழுத்தைச் சுற்றி ஒரு கருப்பு வளையம் நிற்கும். எந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினரும் இவ்வளவு நேர்மையாக மார்க் போட மாட்டார்.

கல்லூரி விழா ஸ்டால்களில் இப்போது தோல் கைவினைப் பொருட்கள் நிறைய வருகின்றன. கீசெயின், பர்ஸ், டைரி அட்டை, நாய்ப் பட்டை. டிசைனுக்கு ரெண்டு வாரம் எடுத்துக்கொள்கிறோம். எண்ணெயும் சாயமும் மட்டும் விழாவுக்கு முந்தைய ராத்திரி! என் கருத்து இதுதான்: எண்ணெயும் சாயமும் 'ஃபினிஷிங்' இல்லை. அவைதான் பாதி இன்ஜினியரிங். அதற்கு நேரம் ஒதுக்காத ப்ராஜெக்ட், வாங்கினவர் தலையில் கட்டும் ப்ராஜெக்ட்.

முதல் கேள்வி, எந்தத் தோல்? கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி குரோமியம் உப்பில் பதனிட்டது. மென்மையானது, ஷூவுக்கும் ஜாக்கெட்டுக்கும் அருமை. ஆனால் அதில் அச்சு தட்டினால் பஞ்சு மாதிரி பழைய நிலைக்கே எழும்பிவிடும். அச்சு நிற்க வேண்டுமானால் தாவரப் பட்டையில் பதனிட்ட தோல் வேண்டும். லேசாக நனைத்து, மேற்பரப்பு பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும்போது தட்டினால் கோடு அப்படியே நிற்கும்.

இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம்ம கரிசலில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற ஆவாரஞ்செடியின் பட்டைதான் தென்னிந்தியப் பதனிடலின் அடித்தளம். ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் வெயில் பட்டால் சிவக்கும். அதைத் தடுக்கக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, கடைசியில் எண்ணெய் ஊட்டுவார்கள். 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்று உலகச் சந்தைக்குப் போனதும், பிறகு புவிசார் குறியீடு பெற்றதும் இந்தத் தோல்தான். திண்டுக்கல், திருச்சி பக்கத் தொழிற்சாலைகள் இந்த மரபில் வந்தவை.

இரண்டாவது, எண்ணெய். தோல் என்பது கொலாஜன் நார்களின் பின்னல். நார்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக் கொடுத்தால்தான் பட்டை வளையும். நனைத்து, தட்டி, காயவிட்ட தோலில் அந்த வழுக்கல் குறைந்துவிடுகிறது. ஸ்பிரிட் கலந்த சாயம் அடித்தால் இன்னும் மோசம், அது மிச்ச எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு மாசத்தில் மடிப்பில் வெடிப்பு விழுவது இதனால்தான்.

சரி, முதலில் சாயமா, எண்ணெயா? இதில் ரெண்டு கட்சி உண்டு. ஸ்பிரிட் சாயம் என்றால் நான் 'முன்னும் பின்னும்' கட்சி. ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிட்டு, துணியில் தொட்டு மெல்லிசாக ஒரு கோட் எண்ணெய். ராத்திரி முழுக்க ஊறட்டும். அப்போது சாயம் திட்டுத் திட்டாக இல்லாமல் சமமாக இறங்கும். சாயத்தையும் ஒரே அடியாக ஊற்றாமல் மெல்லிய கோட்டுகளாகக் கொடுத்து, காய்ந்ததும் நன்றாகத் துடைத்து, மறுபடி சொட்டு எண்ணெய். தண்ணீரில் கரையும் சாயம் என்றால் முன்னால் எண்ணெய் வேண்டாம், தண்ணீர் உள்ளே இறங்காது. எதுவானாலும் அளவு முக்கியம். எண்ணெய் அதிகமானால் தோல் தொளதொளத்து, ரெண்டு வாரம் தட்டின பூ மழுங்கிப் போகும். நாய் நக்குகிற பொருளுக்குப் புங்க எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, சாயம். கருப்பு வேண்டுமா? நாமே செய்யலாம். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் சில நாள் ஊறப்போடுங்கள். வாயு கிளம்பும், அதனால் மூடியை இறுக்காதீங்க. அந்தத் தண்ணீரைத் தாவரப் பதனிட்ட தோலில் தடவினால் கண்ணெதிரே கருக்கும். இரும்பும் டானினும் சேர்ந்து நாருக்குள்ளேயே உண்டாகும் கருப்பு அது. குரோம் தோலில் டானின் இல்லை, அதனால் இப்படிக் கருக்காது. கடைக்காரர் சொன்னது உண்மையா என்று பார்க்கவும் இது ஒரு டெஸ்ட். கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் வரையும் கலம்காரித் துணியிலும் இதே வேதியியல்தான். அங்கே கடுக்காய் ஏற்றிய துணி, இரும்பும் வெல்லமும் புளித்த மை. கருத்த பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து அமிலத்தை முறித்துவிடணும், இல்லாவிட்டால் தோல் நாளடைவில் நொய்ந்துவிடும்.

கடைச் சாயமே போதும் என்பவர்கள் லேபிளைப் படித்து வாங்குங்கள். புற்றுநோய் அபாயம் உள்ள சில அசோ சாயங்களை இந்தியா 1997-இல் தடை செய்தது. லேபிளே இல்லாத பாட்டிலில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால், கழுத்தில் படுகிற உட்புறத்துக்குச் சாயமே அடிக்காதீர்கள். அழகு வெளியே போதும்.

எல்லாம் முடிந்ததா? இப்போது டெஸ்ட். சத்திரப்பட்டியில் நெய்கிற வெள்ளை பேண்டேஜ் துணி ஒரு துண்டு எடுங்கள். காய்ந்த துணியால் ஐம்பது முறை, ஈரத் துணியால் ஐம்பது முறை தேயுங்கள். சோதனைக்கூடங்களில் இதையே மெஷின் வைத்துச் செய்து, துணியில் ஏறிய கறையை 1 முதல் 5 வரை மதிப்பிடுகிறார்கள். 5 என்றால் கறையே இல்லை. நம்மிடம் மெஷின் இல்லாவிட்டாலும் கையும் கண்ணும் இருக்கின்றன. துணி கருத்தால் அந்தப் பட்டை ஸ்டாலுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான்.

"நாலு நாள் ஸ்டால் போடுறதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா பாஸ்?" என்று கேட்பீர்கள். வாங்குகிறவர் நாலு நாளுக்கா வாங்குகிறார்? நம்மை நம்பி வாங்குவது பெரும்பாலும் நம் ஜூனியரும், நம் ஊர்க்காரரும்தான்.

இன்னொன்றையும் சொல்லியாகணும். சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இருக்கிறது. யூடியூபும் இருக்கிறது. ஆனால் நமக்குப் பக்கத்தில் இருக்கும் நிபுணர் யார்? பஸ் ஸ்டாண்டு ஓரம் குடைக்குக் கீழே செருப்பு தைக்கிறவர். ஒரு துண்டுத் தோலை விரலால் மடித்துப் பார்த்தே எண்ணெய் போதுமா என்று சொல்லக்கூடியவர். தோலைத் தொட்டவரைச் சாதி சொல்லித் தள்ளிவைத்த ஊர்கள்தான் நம் ஊர்கள். அதே வேலைக்கு 'லெதர் கிராஃப்ட்' என்று பேர் வைத்து நாம் செய்தால் மேடையில் கைதட்டல், சர்ட்டிபிகேட். இது உறுத்த வேண்டாமா?

அதனால் அடுத்த முறை தோல் வேலை எடுத்தால், பாட்டில் வாங்குவதற்கு முன்னால் அவரிடம் போங்கள். "அண்ணே, இதுக்கு எவ்வளவு எண்ணெய் தாங்கும்?" என்று கேளுங்கள். அவர் நேரத்துக்குக் காசு கொடுங்கள். அவர் சம்மதித்தால், ரிப்போர்ட்டில் கைடு பேருக்குப் பக்கத்தில் அவர் பேரையும் போடுங்கள். கற்றுக்கொடுத்தவரை மறைத்து நிற்கிற ப்ராஜெக்ட்டுக்கு எத்தனை கோட் சாயம் அடித்தாலும் ஒரு நாள் வெளுத்துவிடும்.