செம்புக் கம்பியைப் பிடுங்குங்க, 48 வோல்ட்டைக் கொடுத்துட்டுப் போங்க!

சிங்கப்பெருமாள் கோயிலில் எங்க பாட்டி வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு டயல் போன் இருக்கு. தாத்தா வாங்கினது. துணி போட்டு மூடி, பக்கத்திலேயே நம்பர் எழுதின நோட்டும் வெச்சிருப்பாங்க. போன வருஷம் அந்தத் தெருவில் செம்புக் கம்பியை எடுத்துட்டு ஃபைபர் போட்டாங்க. சுவத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது. "அதே நம்பர், அதே போன், எதுவும் மாறாதும்மா"ன்னு மாட்ட வந்தவர் சொல்லிட்டுப் போனார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

என் வகுப்பு நண்பர்கள்கிட்ட சொன்னப்ப ஒரே சிரிப்பு. "இன்னுமா லேண்ட்லைன்? காயலான் கடைக்குப் போடுடா"ன்னாங்க. கண்ணுங்களா, நீங்க சிரிக்கிற அந்த இணைப்புக்குள்ள எவ்வளவு வேலை நடக்குதுன்னு முதலில் பாருங்க.

பழைய போனுக்கு இணையம்னா என்னன்னே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ரெண்டு கம்பி, அதில் வர்ற 48 வோல்ட், மணி அடிக்க ஏறக்குறைய 75 வோல்ட் மாறுமின்சாரம். அவ்வளவுதான். அந்த வெள்ளைப் பெட்டி ஒரு குட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி நடிக்குது. ரிசீவரை எடுத்தா டயல் டோன் கொடுக்குது. பாட்டியோட குரலை நொடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டா எழுதுது. கணக்குப் போட்டா நொடிக்கு 64,000 பிட். அதை 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமா கட்டினா, நொடிக்கு 50 பொட்டலம் கிளம்பும். எதிர்முனையில் அதைப் பிரிச்சு மறுபடி குரலாக்கணும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிநொடியைத் தாண்டினா பேச்சு இடிக்க ஆரம்பிக்கும். இத்தனையும் நடக்கிறது பாட்டி "நல்லா இருக்கியாடா?"ன்னு கேட்கிற நேரத்துக்குள்ள.

டயல் போன்ல மட்டும் ஒரு சிக்கல். மணி அடிச்சுது, பேச முடிஞ்சுது, ஆனா டயல் சுத்தினா கால் போகலை. அந்தப் போன் எண்ணைத் துடிப்புகளா அனுப்பும். அஞ்சுன்னா லைனை அஞ்சு தடவை துண்டிச்சுச் சேர்க்கும். இந்தமாதிரிப் பெட்டிகள் பலதுக்கு அதை எண்ணத் தெரியாது, பட்டன் அழுத்தினா வர்ற இசை மட்டும்தான் புரியும். 'எதுவும் மாறாது' முதல் நாளே பொய்யாப் போச்சு :-) பட்டன் போன் ஒண்ணு வாங்கிக் கொடுத்தோம். இது சின்ன விஷயம், விடுங்க.

பெரிய விஷயம் மழைக்காலத்தில் வந்தது. ஒரு ராத்திரி கரண்ட் போச்சு. பாட்டிக்குக் கடுமையான காய்ச்சல். மொபைலில் சார்ஜ் இல்லை. தாம்பரத்தில் இருக்கிற அம்மாவைக் கூப்பிட லேண்ட்லைனை எடுத்திருக்காங்க. டயல் டோன் இல்லை. பெட்டியே செத்துக் கிடக்கு, டோன் எங்கேருந்து வரும்? விடியற்காலையில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நல்லவேளை, ஒண்ணும் ஆகலை. "முன்னெல்லாம் கரண்ட் போனாலும் போன் பேசுமேடா"ன்னு பாட்டி கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

பாட்டி சொன்னது நூத்துக்கு நூறு சரி. பழைய போனுக்கு மின்சாரம் வந்தது நம்ம வீட்டிலிருந்து இல்லை, எக்ஸ்சேஞ்சில் இருக்கிற பேட்டரியிலிருந்து, அதே கம்பி வழியா. ஃபைபர்ங்கிறது கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது. ஆகவே கம்பியை எடுத்தப்பவே அந்த 48 வோல்ட்டையும் எடுத்துட்டாங்க. அதுக்குப் பதில் என்ன கொடுத்தாங்க? ஒண்ணும் இல்லை. ஒரு வார்த்தை சொல்லக்கூட இல்லை.

இங்கே நம்ம நாட்டுச் சட்டத்தின் கதையையும் கொஞ்சம் பார்க்கணும். இணையத் தொலைபேசிக்கு இந்தியாவில் அனுமதி கிடைச்சது 2002 ஏப்ரல் 1-ல். அதுவும் அரைகுறை அனுமதி. கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம், வெளிநாட்டுப் போனுக்குப் பேசலாம். ஆனா இணையத்திலிருந்து இந்தியாவுக்குள்ள இருக்கிற ஒரு சாதாரண நம்பரைக் கூப்பிடக் கூடாது. இந்தத் தடையை எடுக்கலாம்னு டிராய் 2008-ல் பரிந்துரை செஞ்சது, 2017-ல் மறுபடியும் செஞ்சது. உரிமம் வெச்சிருக்கிற நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை வழிவிட்டது 2018-ல்தான். ஆக மொத்தம் 16 வருஷம். தொழில்நுட்பம் தயாரா இல்லாததால் இந்தத் தாமதம் இல்லை. வோக்கல்டெக் நிறுவனம் இணையப் போன் மென்பொருளை விற்க ஆரம்பிச்சது 1995-லேயே. நிறுவனங்களின் வருமானம், உரிமக் கட்டணம், கண்காணிப்பு, இதுக்கெல்லாம் பதில் வேணும்னு காத்திருந்தாங்க.

நிறுவனத்தோட காசுன்னு வந்தா 16 வருஷம் உட்கார்ந்து யோசிக்கிறோம். பாட்டியோட உயிர்னு வந்தா ஒரு மத்தியானத்தில் கம்பியை உருவிட்டுப் போயிடறோம். இதுதான் என் கோபம்.

மத்த நாடுகளில் இதை யோசிக்காம இல்லை. வீட்டு மின்சாரத்தை நம்பி ஓடுற தொலைபேசி விற்கிறவங்க, காசுக்காவது 8 மணி நேரப் பேட்டரி தர முன்வரணும்னு அமெரிக்காவில் 2015-ல் விதி போட்டாங்க. அதுக்கப்புறம் 24 மணி நேரமா உயர்த்தினாங்க. அந்த விதியின் காலம் 2025-ல் முடிஞ்சது. இங்கிலாந்தில் லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருக்கிறவங்களுக்கு, கரண்ட் போனாலும் ஒரு மணி நேரமாவது அவசர எண்ணைக் கூப்பிட வழி இருக்கணும்னு 2018-லேயே சொல்லிட்டாங்க. அங்கேயும் தப்பு நடந்தது. முதியவர்களின் அவசர அழைப்புக் கருவிகள் சில வேலை செய்யாமப் போகவே, 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்தி வெச்சாங்க. பழைய லைனை மூட 2025 டிசம்பர்னு இருந்த கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப் போச்சு. அதாவது, பிரச்சினை தெரிஞ்சதும் நின்னு யோசிச்சாங்க.

"மொபைல் இருக்கே?"ம்பீங்க. 2016 டிசம்பர் 12 வர்தா புயல் ஞாபகம் இருக்கா? எத்தனை பேர் கையில் சிக்னல் இல்லாத மொபைலோட மொட்டை மாடியில் நின்னோம்! டவர் பேட்டரிக்கும் ஆயுசு சில மணி நேரம்தான்.

"செம்புக் கம்பி மட்டும் ஒழுங்கா?"ன்னு கேட்டா, அதுவும் நியாயம். மழை பெய்ஞ்சா ஜாயின்ட்டில் தண்ணி இறங்கி வாரக்கணக்கில் கரகரன்னு கிடந்த லைன் எங்க பாட்டியோடதுதான். செம்பைத் திருப்பிப் போடுங்கன்னு நான் கேட்கலை. ஃபைபர் நல்லது. நடுவழியில் இருக்கிற பிரிப்பான்களுக்கு மின்சாரமே வேண்டாம். அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்ச், இந்தப் பக்கம் வீடு, ரெண்டு முனையில் பேட்டரி இருந்தா போதும். இந்த மாதிரிப் பெட்டி 10 வாட் தின்னுதுன்னு வெச்சுக்கோங்க. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கும். சேதாரம் போக ஆறு மணி நேரமாவது தாங்கும். ராக்கெட் விஞ்ஞானம் இல்லைங்க இது.

நான் கேட்கிறது மூணே விஷயம். கம்பியை எடுக்கும் முன்னாடி, "கரண்ட் போனா போன் போகும்"னு தமிழில், பெரிய எழுத்தில், எழுதிக் கொடுங்க. தனியா இருக்கிற வயசானவங்களுக்குப் பேட்டரியை இலவசமாவே கொடுங்க. எக்ஸ்சேஞ்ச் முனையிலும் பேட்டரி, ஜெனரேட்டர் ஒழுங்கா இருக்கான்னு வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி பாருங்க.

சிரிச்ச நண்பர்களுக்கு ஒண்ணு. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப உங்க பாட்டி வீட்டில் மெயின் சுவிட்சை ஒரு நிமிஷம் அணைச்சுட்டு ரிசீவரை எடுத்துப் பாருங்க. டோன் வரலைன்னா மொதல்ல ஒரு பேட்டரி வாங்கி மாட்டுங்க. நான் மாட்டிட்டேன். சண்டையை அப்புறம் சேர்ந்தே போடுவோம்.