கூரை கழுவ வேகம் வேண்டாம், ஊறல் போதும்

வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் ஓட்டுக்கூரையை ஒழுங்கு செய்வது கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். உடைந்த ஓட்டை மாற்றி, சருகைத் தள்ளி, பாசியைச் சுரண்டிவிடுவார்கள். கூரை ஏறத் தெரிந்த ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இக்காலத்தில், சிலர் வண்டி கழுவும் உயர் அழுத்தக் கருவியை வாடகைக்கு எடுத்துவந்து கூரையில் பீய்ச்சுகிறார்கள். டிராக்டர் சக்கரத்தில் அப்பிய சேற்றைப் பெயர்க்கும் கருவி கூரைப் பாசியையும் பெயர்த்துவிடுகிறது; ஓடு அன்றைக்கே செக்கச் சிவந்து தெரிகிறது. பாசியோடு ஓட்டின் மேல்தோலும் போய்விட்டது என்பது ஐப்பசி அடைமழையில்தான் தெரியவரும். அப்போது நனைவது மூட்டையில் இருக்கும் விதை நெல்லாகவோ, விலைக்குக் காத்திருக்கும் நிலக்கடலையாகவோ இருந்தால், கூரை சுத்தமாக இருந்தென்ன பயன்?

வண்டி கழுவும் நிலையத்துப் பம்புகள் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிலோ அழுத்தத்தில் நீரைத் தள்ளுகின்றன. கையில் தூக்கிச்செல்லும் மின் கருவிகளில் இது 100 கிலோவையும் தாண்டும். ஓடு சுட்ட மண். அதன் மேல்தோல் கெட்டியாகவும் உட்புறம் சற்று நுண்துளை உள்ளதாகவும் இருக்கும். மேல்தோல் அரிக்கப்பட்டால் ஓடு நீரை அதிகமாக உறிஞ்சும்; அடுத்த ஆண்டு பாசி முன்னிலும் விரைவாகப் படரும். நாட்டு ஓட்டிலோ இன்னொரு தொல்லை. ஒன்றன்மேல் ஒன்று வெறுமனே அடுக்கப்பட்டிருப்பதால் நீரின் வேகத்தில் ஓடே இடம் பெயரும்.

உண்மையில் பாசியை அகற்ற வேகம் தேவையே இல்லை. பாசி உயிருள்ள பொருள். அதைக் கொன்றுவிட்டால் பிடிப்பு தளர்ந்து, சாதாரண மழைக்கே உதிர்ந்துவிடும். கொல்வதற்குப் பிளீச்சிங் பவுடர் கரைசலே போதும். 30 சதம் குளோரின் உள்ள தூளில் அரை கிலோவை 15 லிட்டர் நீரில் கரைத்தால் ஒரு சதக் கரைசல் கிடைக்கும். இது ஓட்டுக்கும் சிமெண்ட் தளத்துக்கும் ஏற்ற அளவு. சுவருக்கு இதில் பாதி போதும். தூளை வாளியில் கரைத்து, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேலாக நிற்கும் தெளிந்த நீரை மட்டும் துணியில் வடிகட்டி எடுக்கவேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு சேர்ந்தால் தெளிப்பான் நாசில் உடனே அடைத்துக்கொள்ளும். சோப்பு கலக்கக் கூடாது. சுண்ணாம்போடு சேர்ந்து திரிந்துவிடும். ஈரம் பட்டுக் கட்டியான பழைய தூளில் வீரியம் இராது. அதை வாங்கி ஏமாறுவோரே அதிகம்.

500 சதுர அடிக் கூரைக்கு 15 முதல் 20 லிட்டர் கரைசல் பிடிக்கும். காலை இளவெயிலிலோ மேகமூட்டமான நாளிலோ தெளித்து, 20 நிமிடம் காயாமல் ஊறவிட்டுப் பிறகு அலச வேண்டும். ஓட்டோடு ஒட்டி வளரும் வெண்சாம்பல் நிறப் பூஞ்சைப் பாசி அன்றே போகாது; வெளுத்து நின்று, சில வாரங்களில் உதிரும். தேவையானால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை தெளிக்கலாம். அன்றே சிவப்பாகத் தெரியவேண்டும் என்ற அவசரம்தான் பலரை உயர் அழுத்தக் கருவியிடம் கொண்டுபோய் விடுகிறது.

அலசுவதற்கான அமைப்பைப் பெரும்பாலும் வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டே செய்துகொள்ளலாம். மேல்தொட்டிக்கு நீர் ஏற்றும் அரை குதிரைத்திறன் மானோபிளாக் பம்பு பல வீடுகளில் இருக்கிறது. அதோடு 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று, 30 மீட்டர் ஹோஸ், ஒரு டீ, இரண்டு கேட் வால்வு, 3 மீட்டர் நீள முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் ஆகியவை வேண்டும். டிரம் மருந்தோ அமிலமோ வந்த டிரம்மாக இருக்கக் கூடாது. டிரம்மின் அடிப்பாகத்தில் துளையிட்டு டாங்க் நிப்பிள் வைத்து, அதிலிருந்து பம்புக்கு நீர் தானே இறங்கும்படி இணைத்தால் ஃபுட் வால்வு தேவைப்படாது. பம்பில் காற்று பிடிக்கும் தொல்லையும் இல்லை. பம்பின் வெளிவாயில் டீ வைத்து, ஒரு கிளையை ஹோசுக்கும் மற்றொரு கிளையை மீண்டும் டிரம்முக்கும் விடவேண்டும். இந்தத் திரும்பு குழாய் வீண் செலவு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ஹோசை மூடியபடி பம்பு ஓடினால் உள்ளே நீர் கொதித்து சீல் போய்விடும். பத்துப் பன்னிரண்டு அடிக் குழாயை மிச்சப்படுத்தப் போய்ப் பம்பை இழப்பது சிக்கனம் ஆகாது. அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் இதே குழாயின் வால்வுதான் உதவுகிறது.

பி.வி.சி. குழாயின் நுனியை மூடியால் அடைத்து, மூடியில் ஒரே வரிசையாக 2 மில்லிமீட்டர் அளவில் 8 துளை போட்டால் விசிறி போல் நீர் விரியும். 20 மீட்டர் உயரம் தள்ளக்கூடிய பம்பின் உச்ச அழுத்தமே 2 கிலோதான். 5 மீட்டர் உயர முகட்டுக்குப் போகும்போது அதில் அரை கிலோ குறையும். ஹோசிலும் கொஞ்சம் போகும். மிஞ்சுவது ஒரு கிலோ அளவு. செத்த பாசியை அலச அதுவே தாராளம். டிரம் நீர் சுமார் 15 நிமிடம் வரும். நீரை ஓட்டின் இடுக்கை நோக்கி நேராக மேல்நோக்கிப் பீய்ச்சாமல், வில் போல் வளைந்து முகட்டில் விழுந்து மழைநீர் போல் கீழே வழியும்படி விடவேண்டும். இறவாரத்தில் சாய்த்த ஏணியில் நின்றே இதைச் செய்யலாம். கூரை மேல் ஏற வேண்டியதில்லை. ஈரக் கைக்கும் மின்சாரத்துக்கும் ஆகாது. பம்பு இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் இல்லாமல் இவ்வேலையைத் தொடங்கவே கூடாது. கூரைக்கு அருகே மின்கம்பி போகிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்வது நலம்.

பிளீச்சிங் கரைசலை மானோபிளாக் வழியாக விடலாகாது. உள்ளிருக்கும் இரும்பு அரித்துவிடும். அதற்கு முதுகில் மாட்டும் பிளாஸ்டிக் கைத்தெளிப்பான் தனியாக வேண்டும். விவசாயிகள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். வயலுக்குப் புதுத் தெளிப்பான் வாங்கிக்கொண்டு, பல ஆண்டு மருந்து அடித்த பழையதை வீட்டு வேலைக்கு ஒதுக்குவார்கள். இது தலைகீழான சிக்கனம். எத்தனை முறை கழுவினாலும் ஹோசிலும் வாஷரிலும் மருந்தின் எச்சம் ஊறியே இருக்கும். குறிப்பாக 2,4-டி களைக்கொல்லி அடித்த தெளிப்பானைச் சுத்தம் செய்வது மிகக் கடினம். அதன் சிறு எச்சமே பருத்தி, தக்காளி இலைகளைச் சுருட்டிவிடும். அந்த எச்சத்தை, குழந்தைகள் உறங்கும் வீட்டின் மேலும், மிளகாய் வற்றல் காயவைக்கும் மாடியிலும் நாமே தெளிப்பதா? பழையது வயலிலேயே உழைக்கட்டும். புதியது வீட்டுக்கு இருக்கட்டும். புதியதன் மேல் வெள்ளைப் பெயிண்டால் "வீடு" என்று எழுதி வைத்துவிட்டால் கூலியாளும் மாற்றி எடுக்கமாட்டார். இந்த அமைப்பில் பணம் கொடுத்து வாங்கியே தீரவேண்டிய பெரிய பொருள் இது ஒன்றுதான்.

மழைநீரைச் சேமிக்கும் வீடுகளில் இதன் முக்கியத்துவம் இன்னும் அதிகம். 2003ல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபின், கூரை நீரைக் கிணற்றுக்கோ தொட்டிக்கோ கொண்டுபோகும் குழாய் பல வீடுகளில் இருக்கிறது. கழுவுமுன் அந்தக் குழாயைக் கழற்றி வேறுபுறம் திருப்பிவிட்டு, அடுத்து வரும் முதல் மழையின் நீரையும் வெளியே விட்டபிறகே மீண்டும் மாட்டவேண்டும். கழுவிய நீர் மீன் குட்டைக்கோ, மாட்டின் தண்ணீர்த் தொட்டிக்கோ போகக் கூடாது. சாண எரிவாயுக் கலனுக்குள் போனால் எரிவாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மடியும். இறவாரத்தை ஒட்டிய முருங்கை, கறிவேப்பிலைக்கு முன்னும் பின்னும் நல்ல தண்ணீர் ஊற்றிவிடவேண்டும்.

மாட்டுக் கொட்டகையில் இன்னும் எச்சரிக்கை தேவை. கோமியம் தேங்கிய தரையில் பிளீச்சிங் கரைசல் பட்டால் கண்ணையும் மூச்சையும் அடைக்கும் வாயு கிளம்பும். முதலில் வெறும் நீரால் நன்றாகக் கழுவி, மாடுகளை வெளியே கட்டியபிறகே தெளிக்கலாம். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு இதைக் கலப்பது உயிருக்கே ஆபத்து. குளோரின் வாயு வரும். ஆசிட்டைத் தனியாக ஊற்றினாலும் சிமெண்டையும் சுண்ணாம்பையும் தின்றுவிடும். பழைய தட்டோட்டு மாடியில் ஆசிட் ஊற்றச் சொல்லும் கொத்தனாரின் பேச்சைக் கேட்க வேண்டாம். தகரக் கூரைக்கு வெறும் சோப்பு நீரே போதும். குளோரின் தகரத்தைத் துருவாக்கும். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு இந்தக் கரைசலே தேவையில்லை. புதுச் சுண்ணாம்பே பாசியைக் கொன்றுவிடும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகைகளை உலர்ந்த நிலையில் தேய்க்கவோ, உயர் அழுத்த நீரைப் பாய்ச்சவோ கூடவே கூடாது. அதிலிருந்து வெளிப்படும் நுண்ணிய இழை நுரையீரலில் புகுந்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயாக வெளிப்படக்கூடியது. கரைசலைத் தெளித்து, மெல்ல அலசி, அவ்வளவோடு விட்டுவிடவேண்டும். அதன்மேல் ஏறி நிற்பதும் கூடாது. பார்வைக்குக் கெட்டியாக இருக்கும் பழைய ஷீட் ஆளின் பாரத்தைத் தாங்காது.

ஆண்டுக்கு ஒருநாள் வேலைக்காக ஒவ்வொரு வீட்டிலும் இதை வைத்துக்கொள்வது தேவையா என்று கேட்பது நியாயமே. டிரம்மும் ஹோசும் குழாயும் தெளிப்பானும் அடங்கிய ஒரு செட்டை ஊர்க் கூட்டுறவுச் சங்கமோ உழவர் குழுவோ வாங்கி வாடகைக்கு விட்டால், ஒரு பருவத்தில் தெரு முழுவதற்கும் போதும். டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் வாடகை மையம் வந்துவிட்ட நாளில் இது பெரிய காரியமல்ல. ஆனால் அங்கும் தெளிப்பானை வயல் மருந்துக்குக் கொடுப்பதில்லை என்று உறுதியாக நிற்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காத ஊரில், பம்பும் டிரம்மும் பொதுவாக இருக்கட்டும்; தெளிப்பானை மட்டும் அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் அதை மூன்று முறை நல்ல நீரால் அலசி, வாஷரைக் கழற்றி உலர்த்தி வைத்தால் அடுத்த புரட்டாசிக்கும் உதவும்.