பனியனில் பறக்கும் வீரன்! படிக்கப் புத்தகம் எங்கே?

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா வீட்டுக்கு வருகிறார். ஒரு கையில் காய்கறிப் பை. இன்னொரு கையில் பொரிப் பொட்டலம். மகன் ஓடி வருகிறான். அவன் பனியனில் ஒரு படம். சிலந்தி போலச் சுவர் ஏறும் மனிதனின் படம்!

"அப்பா, இவன் யாரு? இவன் கதை என்ன?" என்று கேட்கிறான்.

"தெரியலையே சாமி" என்கிறார் அப்பா.

அவர் பிரிண்டிங் பட்டறையில் வேலை செய்கிறவர். துணியில் இதுபோன்ற படங்களை ஆயிரக்கணக்கில் அடித்தவர். எந்தச் சாயம் எப்படி ஒட்டும் என்று அவருக்குத் தெரியும். படத்தில் இருப்பவனின் கதைதான் தெரியாது!

வீட்டுக்கு வீடு நடப்பது இதுதான். வீரர்கள் பனியனில் இருக்கிறார்கள். தமிழ்ப் புத்தகமாகக் கைக்கு வருவது அரிதாகிவிட்டது.

கெட்டுப் போவானா?

"படக்கதை படித்தால் பையன் கெட்டுப் போவான்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு!

'கன்னித்தீவு' 1960-ஆம் ஆண்டில் தொடங்கியது. சிந்துபாத்தின் கதை. இன்னும் முடியவில்லை! டீக்கடையில் அதைப் பார்க்க ஒரு கூட்டம் நிற்கும். எழுத்துத் தெரியாதவர் படத்தைப் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவரை வாசிக்கச் சொல்வார். நாளாக நாளாக அவரே எழுத்துக்கூட்டத் தொடங்குவார். படம் பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. மீதிக்கு நாலு சொல் படித்தால் போதும். பயம் தெளிந்துவிடும்.

டெலிவிஷனிலும் மாயக்கதைகள் வருகின்றனவே என்று கேட்கலாம். வருகின்றன. தமிழிலேயே பேசுகின்றன. குழந்தைகள் சோற்றைக் கூட மறந்து பார்க்கிறார்கள். ஆனால் டெலிவிஷன் யாருக்காகவும் நிற்காது. புத்தகம் நிற்கும். ஒரு சொல்லில் பத்து நிமிடம் தடுமாறினாலும் காத்திருக்கும்.

இரும்புக்கை மாயாவி

இதை எழுதுகிறவனும் ஒரு படக்கதைப் பைத்தியம்தான். ஆகையால் மாயாவியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் பத்திரிகையில் 1962-இல் பிறந்தவன் அவன். 1972-இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் அவனைத் தமிழ் பேச வைத்தது. அவனுக்கு ஒரு கை இல்லை. அந்த இடத்தில் இரும்புக் கை. உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவன் மறைந்துவிடுவான். இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும்! பார்த்தவன் அலறுவான்!

ஆனால் அந்தச் சக்தி கொஞ்ச நேரம்தான். பிறகு உடல் தெரிய ஆரம்பித்துவிடும். எதிரியின் கோட்டைக்குள் இருக்கும்போது தெரிந்தால் என்ன ஆகும்? அங்கேதான் கதை! எல்லாம் முடிந்த வீரனைவிட, ஒரு குறை உள்ள வீரனே எனக்குப் பிடிக்கும். இன்னொன்று. முதல் கதையில் மாயாவி நல்லவன் அல்ல. கெட்ட வழியில் போனான். பிறகுதான் திருந்தினான்.

ஒரு வார்த்தை. மின்சாரம் நிஜத்தில் ஆளைக் கொல்லும். இதைப் பெற்றோர் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். 1997-இல் தூர்தர்ஷனில் 'சக்திமான்' தொடங்கியது. அவனைப் போலச் செய்யப்போய்ச் சிறுவர்கள் காயப்பட்டதாகச் செய்திகள் வந்தன. பிறகு நிகழ்ச்சியில் சக்திமானே புத்தி சொன்னான்.

நம் ஊர் விஞ்ஞானக் கதைக்கும் குறைவில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்று ஓர் இயந்திர நாய். பேசும், படிக்கும், கேள்வி கேட்கும்! எழுதியவர் ஓர் இன்ஜினியர். டெலிவிஷனிலும் அது தொடராக வந்தது. 2020-களில் நடப்பதாக எழுதிய கதை. அந்தக் காலமும் வந்துவிட்டது. இயந்திர நாய் நம் வீட்டுக்கு வரவில்லை. பேசும் செல்போன் வந்திருக்கிறது!

குற்றம் எங்கள் மீதும்தான்

இத்தனை இருந்தும் ஏன் கைக்குக் கிடைக்கவில்லை? 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா நின்றுவிட்டது. 1984-இல் தொடங்கிய ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய புத்தகங்கள் இவை. இன்று வரும் படக்கதைகள் அழகானவை. வழவழத் தாள், பல வண்ணம், கெட்டி அட்டை. விலையும் அதற்குத் தக்கபடி! வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் காலத்தில் படித்த பெரியவர்கள். "வண்ணம் வேண்டும், நல்ல தாள் வேண்டும்" என்று கேட்டது யார்? எங்களைப் போன்ற ரசிகர்கள்தான். எங்கள் ஆசை நிறைவேறியது. கைமடி வேலை செய்யும் பெண்ணின் பிள்ளைக்கு எட்டாமல் போயிற்று.

இந்த ஊருக்கு வேறொரு தேவையும் இருக்கிறது. பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் சொல்லித்தர ஆள் இல்லை. அவர்களுக்குப் படக்கதையைப் போல நல்ல வாத்தியார் உண்டா?

நூலகங்களில் படக்கதைக்கென்று ஓர் அலமாரி வேண்டும். பூட்டாத அலமாரி! கம்பெனிகளில் சாப்பாட்டு அறை இருக்கிறது. அங்கே பத்துப் புத்தகம் வைத்தால் முதலாளிக்குப் பெரிய செலவு இல்லை. வருடா வருடம் திருப்பூரில் புத்தகத் திருவிழா நடக்கிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு மலிவுப் பதிப்பு கிடைக்கச் செய்யலாம்.

வண்ணம் இல்லாவிட்டால் பரவாயில்லை. சாதாரணத் தாள் போதும். இங்கிலாந்தில் மாயாவி பிறந்ததும் கறுப்பு வெள்ளையில்தான்!